ஆன்லைன் ஏலத்தில் பழைய பொருள் வாங்குவது எப்படி: கடலூர், புதுச்சேரிவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் தையல் கடைக்காக நான்கு ஆண்டுகளுக்கு முன், துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓர் ஓவர்லாக் மெஷினை ஆன்லைன் ஏலத்தில் எடுத்தேன். திருப்பூரில் மூடப்பட்ட ஒரு தையல் ஆலையின் பொருள் அது. ஏலம் முடிய மூன்று நிமிடம் இருந்தபோது விலை 9,000 ரூபாயில் நின்றது. முகம் தெரியாத ஒருவர் 9,500 கேட்டார். நான் 10,000 கேட்டேன். மூன்று நிமிடம் முடிந்தபோது 14,000 ரூபாய்க்கு மெஷின் எனக்கு வந்திருந்தது. கைபேசியைக் கீழே வைத்தபோது கை நடுங்கியது, மகிழ்ச்சியில்.

பிறகு கணக்கு வந்தது. ஏல நிறுவனத்தின் கமிஷன் 1,400 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. 252, லாரி வாடகை 1,800, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி 600. இங்கு வந்து சேர்ந்தபின் கத்தியும் லூப்பரும் பெல்ட்டும் மாற்ற 3,200. மொத்தம் 21,252 ரூபாய். உத்தரவாதத்துடன் புதிய மெஷினையே கடையில் 24,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பழுது பார்க்க வந்த மெக்கானிக் அடித்தட்டைக் கழற்றி, ஆணிகளின் துருவைக் காட்டி, "இது தண்ணீரில் நின்ற மெஷின், அக்கா" என்றார்.

அதற்குப் பிறகு ஏழு மெஷின்கள், ஒரு குளிர்சாதனப் பெட்டி, மகனுக்கு ஒரு மடிக்கணினி, தம்பிக்கு ஒரு ஸ்கூட்டர் எல்லாம் ஏலத்திலும் ஆன்லைனிலும் பழையதாகவே வாங்கியிருக்கிறேன். ஒன்றுகூட ஏமாற்றவில்லை. ஏலம் தொடங்குவதற்கு முன்பே வேலையில் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும் என்பதை அந்த ஓவர்லாக் மெஷினிடம் கற்றேன். அந்த வேலையின் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வகை ஏலம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆன்லைன் ஏலம் என்று நாம் சொல்வதில் பலவகை கலந்திருக்கிறது. வீட்டுப் பொருள்களைத் தனிநபர்கள் ஏலம் விடும் இபே நிறுவனத்தின் இந்தியத் தளம் 2018-லேயே மூடப்பட்டுவிட்டது. இன்று ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக் சந்தை போன்ற இடங்களில் நடப்பது ஏலமாகத் தோன்றும் பேரம். "இன்னொருவர் 6,000 கேட்டிருக்கிறார், நீங்கள் எவ்வளவு தருவீர்கள்?" என்று விற்பவர் கேட்பார். அந்த இன்னொருவர் இருக்கிறாரா என்று பார்க்க உங்களுக்கு வழியில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டு நடத்தும் ஏலத்திலும் இதே நிலைதான். அங்கே பணத்தைப் பிடித்துவைத்துப் பொருள் வந்தபின் கொடுக்கும் நடுவர் யாரும் கிடையாது.

முறையான மின்னேலம் வேறு. 1964-ல் தொடங்கிய எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனத்தின் தளத்தில் அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கழித்துக்கட்டிய வாகனங்கள், மோட்டார்கள், இரும்பு, மரச்சாமான்களை ஏலம் விடுகின்றன. நெய்வேலியின் கழிவுப் பொருள்களும் அங்கே வருவதால் கடலூர் மாவட்டத்துப் பழைய இரும்பு வியாபாரிகளுக்கு அந்தத் தளம் நன்கு பழக்கம். ரயில்வேக்குத் தனித் தளம் இருக்கிறது. தவணை கட்டாததால் கைப்பற்றிய வண்டிகளை நிதி நிறுவனங்கள் தங்கள் தளங்களிலோ ஏல நிறுவனங்கள் வழியாகவோ விற்கின்றன.

இந்த முறையான ஏலங்களில் ஒரு சொற்றொடர் தவறாமல் இருக்கும்: "உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்திலேயே". வாங்கியபின் குறை சொல்ல முடியாது, எடுத்துப் போகும் செலவும் உங்களுடையது என்று பொருள். அதற்காகத்தான் பொருளைப் பார்வையிட நாள் குறித்துத் தருகிறார்கள். அந்த நாளில் போகாதவர் ஏலம் கேட்கவே கூடாது என்பேன். வைப்புத்தொகை எவ்வளவு, மீதிப் பணம் எத்தனை நாளில், பொருளை எத்தனை நாளில் எடுக்க வேண்டும் என்ற மூன்றையும் விதிமுறையில் தேடிப் படியுங்கள். பணத்துக்குத் தவணை தவறினால் வைப்புத்தொகை போய்விடும். எடுக்கத் தாமதித்தால் நாள்கணக்கில் தரைவாடகை கேட்பார்கள்.

இரண்டாம் படி: உச்ச விலையைக் காகிதத்தில் எழுதுங்கள்

உத்தரவாதம் இல்லாத பழைய பொருளுக்கு, எல்லாச் செலவும் சேர்த்து, புதியதன் விலையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் கொடுப்பதில்லை என்பது என் கணக்கு. சட்டம் ஒன்றும் இல்லை, எனக்குப் பலித்த அளவு. அங்கிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

என் ஓவர்லாக் மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். புதியது 24,000. அறுபது விழுக்காடு 14,400. அதிலிருந்து லாரி, கூலி, பழுதுச்செலவு ஆகிய 5,600 ரூபாயைக் கழித்தால் 8,800. கமிஷன் பத்து விழுக்காடு, அதன் மேல் ஜி.எஸ்.டி. பதினெட்டு விழுக்காடு என்றால் ஏலத்தொகையோடு 11.8 விழுக்காடு கூடுகிறது. 8,800-ஐ 1.118-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7,870. அதாவது 7,850 ரூபாய்க்கு மேல் நான் கேட்டிருக்கவே கூடாது. 14,000 கேட்டேன்.

பொருளின் இன்றைய பழைய விலை தெரியாவிட்டால் முதலில் அதை விசாரியுங்கள். அதே மாடலுக்கு ஆன்லைனில் பத்து விளம்பரங்களைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். ஆனால் அவை கேட்கும் விலைகள், விற்ற விலைகள் வேறு. நான் புதுச்சேரிக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதிச் சந்தையில் பழைய பொருள் விரித்திருப்பவர்களிடம் பேசுவேன். என்ன விலைக்குப் போகிறது என்பதைவிட, எது போகாமல் கிடக்கிறது என்பதை அவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். போகாமல் கிடக்கும் பொருளுக்கு உதிரிபாகம் கிடைப்பதில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

எழுதிய தொகையை எப்படிக் கேட்பது? சில தளங்களில் உங்கள் உச்ச விலையை முன்பே பதிந்து வைக்கலாம். தளம் உங்களுக்காகத் தேவைப்படும் அளவு மட்டும் ஏற்றிக் கேட்கும். நீங்கள் 7,850 பதிந்திருந்து, அடுத்தவரின் உச்சம் 6,000 என்றால், ஒரு படி 100 ரூபாய் எனும்போது பொருள் உங்களுக்கு 6,100-க்கே கிடைக்கும். இந்த வசதி இருந்தால் பதிந்துவிட்டுக் கைபேசியை மேசை இழுப்பறைக்குள் வைத்து வேறு வேலை பாருங்கள். வேறு தளங்களில், கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் தானாகவே சில நிமிடங்கள் நீளும். அங்கே கடைசி நொடியில் கேட்டுப் பறிக்கும் தந்திரம் செல்லாது. ஊர் ஏலத்தில் "ஒருதரம், இரண்டுதரம்" என்று நிறுத்தி மூச்சு விட இடம் கொடுப்பார்களே, ஏறக்குறைய அந்த இடைவெளி இது. அந்த மூச்சில் காகிதத்தைப் பாருங்கள்.

ஏலச்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டியவர் அந்த மாதம் அதிகம் தள்ளிக் கேட்பார், சீட்டை நடத்துபவருக்கும் அது தெரியும். அவசரத்தோடு ஏலத்துக்குப் போகாதீர்கள். நாளைக்கே மெஷின் வேண்டும் என்றால் கடையில் வாங்குவது மேல்.

மூன்றாம் படி: விற்பவரைப் பாருங்கள்

தனிநபரிடம் வாங்கும்போது முதல் தொலைபேசிப் பேச்சிலேயே நான் மூன்று விஷயங்களைக் கேட்பேன். இன்றைய தேதி எழுதிய துண்டுக் காகிதத்தைப் பொருளின் மேல் வைத்து ஒரு படம். அடித்தட்டில் உள்ள வரிசை எண்ணின் படம். ஓடும் நிலையில் ஒரு வீடியோ அழைப்பு. பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. மழுப்புகிறவரிடம் பொருள் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் படத்தைக் கூகுளில் படத் தேடலில் இட்டுப் பாருங்கள். அதே படம் வேறு ஊர் விளம்பரத்தில் இருந்தால் அத்துடன் விட்டுவிடலாம்.

இரண்டு மோசடிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் படித்தவர்களும் இவற்றில் பணம் இழக்கிறார்கள். முதலாவது, சீருடை மோசடி. விற்பவர் தன்னை ராணுவத்திலோ துணை ராணுவத்திலோ இருப்பவர் என்பார். திடீர் இடமாற்றம், அதனால் புல்லட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்பார். அடையாள அட்டையின் படம்கூட அனுப்புவார். வண்டியைப் பார்க்க முடியாது, முகாமுக்குள் இருக்கிறது, பார்சலில் வரும், முன்பணம் மட்டும் போடுங்கள் என்பார். பிறகு முகாமிலிருந்து வண்டியை வெளியே எடுக்க கேட் பாஸ் கட்டணம், காப்பீடு, திரும்பத் தரும் வைப்புத்தொகை என்று ஒவ்வொன்றாக வரும். முதல் 2,000 ரூபாயை இழக்க மனமில்லாமல்தான் மக்கள் அடுத்த 8,000 ரூபாயைப் போடுகிறார்கள்.

இரண்டாவது, கியூ.ஆர். குறியீடு. இது பெரும்பாலும் நீங்கள் விற்கும்போதும், பணம் திரும்பக் கேட்கும்போதும் நடக்கும். "இதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள், பணம் உங்கள் கணக்குக்கு வரும்" என்பார்கள். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பின் எண் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகிறது. வீட்டில் வயதானவர்களுக்கு இந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள்.

பணம் அனுப்புமுன் யு.பி.ஐ. திரையில் தோன்றும் பெயரைப் படியுங்கள். விற்பவர் சொன்ன பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றால் காரணம் கேட்டு நிறுத்துங்கள்.

நான்காம் படி: செவுளைத் தூக்கிப் பாருங்கள்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூடைக்காரப் பெண்கள் விலை கேட்பதற்கு முன்பே செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்துவிடுவார்கள். ஆன்லைனில் நம் விரலுக்கு அந்த வேலை இல்லாமல் போகிறது. அதனால் நான் பஸ்ஸில் போய்த் தொட்டுப் பார்க்கக்கூடிய தொலைவில் உள்ள பொருள்களையே விரும்பி வாங்குகிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள். சிதம்பரம், விழுப்புரம், நெய்வேலி எல்லாம் போய் வரக்கூடிய ஊர்கள். விலை சற்றுக் கூடினாலும் இந்த வட்டத்துக்குள் வாங்குங்கள்.

நம் பகுதிக்கு இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று வெள்ளம். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல், 2015 பெருமழை, 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் பல குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தது. அப்படி நனைந்த பொருள்களைக் காயவைத்து, துடைத்து, மெருகேற்றி விற்பவர்கள் உண்டு. நனைந்ததை மறைக்காமல் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றால் தவறில்லை. மறைத்து விற்பவரிடம்தான் கவனம் வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மேல் பகுதியைப் பார்க்காதீர்கள், அதைத் துடைத்திருப்பார்கள். குளிர்சாதனப் பெட்டியை முன்னே இழுத்துப் பின்புறக் கம்ப்ரெசர் தட்டில் சேற்றுப் படிவு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தைச் சாய்த்து அடியில் உள்ள ஆணிகளைப் பாருங்கள். ஸ்கூட்டரில் என்ஜின் ஆயில் அளவுக்கோலை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தால் மண் படிவு பொய் சொல்லாது. காரில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியில் தெரியும் பகுதியைத்தான் எல்லோரும் கழுவுகிறார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை நிற்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, தரைவிரிப்பைத் தூக்கினால் ஈரவாடை, முகப்பு விளக்குக்குள் நீர்க்கோடு ஆகியவையும் சாட்சிகள்.

இன்னொரு நோய் உப்புக்காற்று. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் ஐந்து ஆண்டு ஓடிய ஏ.சி.யின் வெளிப்பெட்டியில் அலுமினியத் தகடுகளை விரலால் தடவுங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் அந்த ஏ.சி. எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். செம்புக் குழாய் இணைப்பில் பச்சை படர்ந்திருந்தால் வாயுக்கசிவுக்கு வாய்ப்பு உண்டு. இரும்பு பீரோவின் அடிக்கால்களைத் தட்டிப் பாருங்கள், புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் பலமாகத் தட்டுங்கள்.

தையல் மெஷின் எனக்குத் தெரிந்த துறை என்பதால் ஒரு வார்த்தை கூடுதலாக. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் கனத்து ஓரிடத்தில் இலகுவாகச் சுற்றினால் உள்ளே தேய்மானம். ஊசித்தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. மெல்லிய வாயல் துணி, தடித்த ஜீன்ஸ் துணி என இரண்டையும் கையோடு கொண்டுபோய்த் தைத்துப் பாருங்கள். பழைய கிளட்ச் மோட்டார் பொருத்திய பவர் மெஷின் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தைக்காத நேரத்திலும் அந்த மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தைக்கும்போது மட்டும் ஓடும் சர்வோ மோட்டாராக மாற்றும் செலவையும் உங்கள் காகிதத்தில் சேருங்கள்.

கைபேசிக்கு ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. அந்தக் கைபேசியில் *#06# அடித்தால் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி செயலியிலும் பார்க்கலாம். தடை செய்யப்பட்டது என்றோ, போலி எண் என்றோ பதில் வந்தால் அந்தக் கைபேசியைத் தொடாதீர்கள். விற்பவரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு அதிலிருந்து நீக்கப்பட்டதை உங்கள் கண்முன்னே பார்த்தபின் பணம் கொடுங்கள்.

புதுச்சேரியில் பழைய தேக்கு நாற்காலி, கதவு, கண்ணாடி அலமாரி எல்லாம் ஆசையாக இருக்கும். இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மாவு மாதிரிப் பொடி உதிர்ந்தால் உளுத்த மரம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, செப்புத்திருமேனி, எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட ஓலைச்சுவடி போன்றவை வந்தால் விலகிப் போங்கள். தொல்பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அவற்றை விற்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும்.

ஐந்தாம் படி: வண்டி என்றால் எல்லைக்கோட்டை மறக்காதீர்கள்

முள்ளோடையைத் தாண்டினால் பி.ஒய். 01, இந்தப் பக்கம் டி.என். 31. புதுச்சேரிப் பதிவு வண்டி மலிவாகத் தெரிவதால் கடலூர்க்காரர்கள் நிறையப் பேர் அங்கே வாங்குகிறார்கள். மலிவுக்குப் பின்னால் இருப்பதைக் கணக்கில் சேருங்கள். வேறு மாநிலப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அதற்குப் புதுச்சேரி போக்குவரத்துத் துறையின் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, வேண்டும். தமிழ்நாட்டுச் சாலைவரியும் கட்ட வேண்டும். வண்டியின் வயதை வைத்து அந்த வரி எவ்வளவு என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அதையும் கழித்தபின் வரும் தொகையே உங்கள் உச்ச விலை.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வேண்டும். கடன் இருந்து தீர்ந்த வண்டி என்றால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ஐக் கேளுங்கள், வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் படிவம் 32. நிதி நிறுவனம் கைப்பற்றிய வண்டி என்றால் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்து, அவர் கையெழுத்தும் இல்லை என்றால், நிறுவனம் படிவம் 36 வழியாகத் தன் பெயரில் புதிய ஆர்.சி. எடுத்துத் தர வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அந்த வண்டிக்கு ஏலம் கேட்காதீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு பெயர் மாற்ற முடியாமல் தவிப்பவர்களை எனக்குத் தெரியும். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டுப் பதிவு நாள், காப்பீடு முடியும் நாளைச் சரிபாருங்கள். நிலுவையில் உள்ள அபராதங்களையும் பாருங்கள். வாங்கிய பதினான்கு நாளுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

ஆறாம் படி: பணமும் பொருளும் ஒரே இடத்தில் கை மாறட்டும்

தனிநபரிடம் என்றால் பொருளைச் சோதித்த இடத்திலேயே, சோதித்த பிறகே பணம். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், துணைக்கு ஒருவரோடு. சின்னப் பொருள் என்றால் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையம் போன்ற இடம் போதும். தளத்தின் வழியாகப் பணம் செலுத்தும் வசதி இருந்தால், கமிஷன் மிச்சம் என்று சொல்லி விற்பவர் உங்களை வாட்ஸ்அப்புக்கு அழைத்தாலும் போகாதீர்கள். தளத்தை விட்டு வெளியே வந்த நொடியில் அதன் பாதுகாப்பும் போய்விடும்.

வெள்ளைத்தாளில் ஒரு ரசீது எழுதி வாங்குங்கள். பொருளின் பெயர், வரிசை எண், விலை, தேதி, விற்பவர் பெயர், கையெழுத்து, "இது என் சொந்தப் பொருள்" என்ற ஒரு வரி. திருட்டுப் பொருளை விற்றவருக்கு உரிமை இல்லாததால் வாங்கிய உங்களுக்கும் உரிமை வராது, காவல் துறை எடுத்துப் போகும். நீங்கள் நம்பிக்கையோடு வாங்கினீர்கள் என்று காட்ட அந்தத் தாள் உதவும்.

ஏமாந்துவிட்டால்

உடனே, அடுத்த தேநீருக்கு முன், 1930 என்ற எண்ணை அழையுங்கள். அது சைபர் நிதிமோசடிகளுக்கான தேசிய உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் தகவல் போனால் நிறுத்திவைக்க முடியும். மணிக்கணக்கில் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தால் முடியாது. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் எழுத்தில் பதியுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். மோசடி இல்லாமல், நிறுவனம் தந்த பொருளோ சேவையோ குறைபாடு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

விற்பவரே வேறு பெயரில் ஏலம் கேட்டு விலையை ஏற்றினார் என்று சந்தேகம் வந்தால் அதற்கும் சட்டம் இருக்கிறது. பொருள் விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு, முன்னறிவிப்பு இல்லாமல் விற்பவர் தானே ஏலம் கேட்டால் அந்த விற்பனையை மோசடியாகக் கருத வாங்குபவருக்கு உரிமை தருகிறது. அந்தச் சட்டம் வந்த ஆண்டும் 1930தான், உதவி எண்ணை நினைவில் வைக்க எனக்கு அதுவே வழி. ஒரே கணக்கு எல்லா ஏலத்திலும் அதே விற்பவரின் பொருளை மட்டும் கேட்டு, கடைசியில் எப்போதும் தோற்றுப்போகிறது என்றால் அந்தக் கணக்கின் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

புகாருக்குச் சான்று வேண்டும் என்பதால், விளம்பரத்தின் படம், உரையாடல்கள், பணப் பரிமாற்ற எண், ரசீது எல்லாவற்றையும் ஏலம் கேட்கும் நாளிலிருந்தே ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். ஏமாந்தபின் தேடினால் விளம்பரம் நீக்கப்பட்டிருக்கும். நான் ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் உறை வைத்திருக்கிறேன். அதில் முதல் தாள், உச்ச விலையை எழுதிய அந்தத் துண்டுக் காகிதம்.